ஒற்றைக் கயிற்றுக் கடற்படை

எர்லன்ஸ்டைன் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ராஜ்யமாயிற்று. அன்று காலையில் எழுந்தபோது அது வெறும் சிற்றரசுதான்.

மேற்கே இருந்த பேரரசர் அந்த வருஷம் ஜெர்மன் மண்ணின் வழியாகப் படைகளோடு போவதும் வருவதுமாக இருந்தார். போகிற வழியில் அவருடைய குதிரைகளுக்கு முகம் சுளிக்காமல் ஓட்ஸ் போட்டவர்களுக்கெல்லாம் ராஜா பட்டம் கிடைத்தது. எர்லன்ஸ்டைன் சிற்றரசர் எமெரிக், ஓட்ஸோடு கூட வெண்ணெயில் வறுத்த ஆற்றுமீனும் பரிமாறியிருந்தார். பேரரசர் விரலைத் துடைத்துக்கொண்டே, "நீங்கள் இன்றிலிருந்து மன்னர்" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். அரண்மனைக் கோபுரத்தில் ஏறி நின்றால் ஐந்து நாடுகள் தெரியும். எர்லன்ஸ்டைனைப் பார்க்க மட்டும் தலையைக் குனிய வேண்டும்.

இது எதுவும் வெண்டலினுக்குத் தெரியாது. அவன் அப்போது எர்லா ஆற்றின் நடுவில் பன்றிகளோடு நின்றுகொண்டிருந்தான்.

எர்லா ஆற்றுக்கு இந்தப் பக்கம் எர்லன்ஸ்டைன், அந்தப் பக்கம் டன்வால்ட் என்ற இன்னொரு சிற்றரசு. நடுவில் வெண்டலினின் ஓடம். ஓடம் என்றால் தட்டையான பெரிய பலகைத்தட்டு. இரு கரைக்கும் கட்டிய ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து அதைக் கடத்த வேண்டும். ஆற்றைக் கடக்க வேறு எவரும் படகு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இரு அரண்மனைக்கும் பொதுவான பழைய சட்டம். பாலம் வேண்டுமென்றால் இரண்டு நாடுகள் தாண்டிப் போக வேண்டும். ஆகவே ஆடு, மாடு, மாப்பிள்ளை, பாதிரியார் எல்லோருமே வெண்டலின் கைவலிமையில்தான் கரை சேர்ந்தார்கள்.

அவன் திரும்பி வந்து பன்றிச் சாணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கரையில் ஊதுகொம்புச் சத்தம் கேட்டது. பிரபு ஃபான் க்னோர் நின்றுகொண்டிருந்தார். அன்று காலை வரை அவர் அரண்மனை வேட்டை நாய்களின் மேற்பார்வையாளர். குரைப்பவர்களை ஆண்ட அனுபவம் இருக்கிறது என்று இப்போது முதன்மந்திரி ஆக்கியிருந்தார்கள். அனுபவம் இருந்தது உண்மை, நாய்கள் சொல்பேச்சுக் கேட்டதாகத்தான் தகவல் இல்லை.

"படகுக்காரா, இங்க வா. உன் பேரென்ன?"

"வெண்டலின், பிரபு. போன வாரம்கூட உங்க நாய்ங்கள அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டேனே."

"அது பழைய ஆட்சி. ஒரு ராஜ்யத்துக்கு என்னென்ன வேணும்னு தெரியுமா உனக்கு?"

வெண்டலின் யோசித்தான். "ராஜா வேணும்."

"அது ஆச்சு. அப்புறம்?"

"ஜனங்க?"

"அவங்க எங்க போயிடப் போறாங்க. கடற்படை வேணும். முடிசூட்டும்போது கடற்படை பீரங்கி மரியாதை செலுத்தணும். எல்லா ராஜ்யத்துலயும் செய்யறாங்க."

"நம்மகிட்ட கடலே இல்லையே, பிரபு."

க்னோர் பிரபு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "முதல்ல கடற்படை, கடல் அப்புறம் வரும். பெரிய ராஜ்யமெல்லாம் எப்படி வளந்துச்சுன்னு நினைக்கிற? இல்லாத ஒண்ணுக்கு முதல்ல காவல் போடணும். கொஞ்ச நாள் கழிச்சு அது நம்மளுதுன்னு சொல்லணும். யாரும் மறுத்துப் பேசலேன்னா அதுக்குப் பேரு சரித்திரம். மண்டி போடு."

வெண்டலின் ஈரப் பலகையில் மண்டியிட்டான். பிரபு வாளை உருவப் பார்த்தார். அது உறையை விட்டு வரவில்லை. உறையோடேயே அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"எழுந்திருங்க, கடற்படைத் தளபதி அவர்களே," என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து க்னோர் பிரபு அவனை ஒருமையில் கூப்பிடவே இல்லை. நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று "நீங்க" ஆகிவிட்ட மனுஷனுக்கு எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

பிறகு பிரபு கப்பலைப் பார்வையிட்டார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"இதப் பிடிச்சு இழுத்தாத்தான் ஓடம் போகும், பிரபு."

"எந்தெந்தத் திசையில போகும்?"

"அங்க போகும். இங்க வரும்."

பிரபுவின் முகம் மலர்ந்தது. "ஆக, நம்ம கடற்படையோட முழு வலிமையும் டன்வால்டை நோக்கியே குவிஞ்சிருக்கு. எந்த நாட்டுக் கடற்படைக்கு இப்படி ஒரு தெளிவு இருக்கு?" என்றவர் கயிற்றின் மறுமுனையைக் கண்ணால் தொடர்ந்து போய், அக்கரையில் ஒரு பெரிய மரத்தில் அது முடிவதைப் பார்த்துத் திடுக்கிட்டார். "அந்த முனை எதிரி மண்ணுல கட்டியிருக்கே?"

"நடு ஆத்துல கட்ட முடியாதுங்களே."

"பாக்கலாம். அதுக்கும் ஒரு குழு போடலாம்," என்றார்.

அவர் கிளம்பும்போதுதான் வெண்டலின் தன் பிரச்சினையைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் லீஸ்பெத்துக்கு டன்வால்டில் கல்யாணம். மாப்பிள்ளை யோஸ்ட், அங்கே குயவர் வீட்டுப் பிள்ளை. பெண், அவளுடைய கட்டில், துணிப் பெட்டி, சீதனப் பசு, எல்லாம் ஓடத்தில் அக்கரை போக வேண்டும்.

பிரபு நின்று திரும்பினார். "தளபதி அவர்களே, போர்க்கப்பல்ல மாடு ஏத்தக் கூடாது."

"சரி, மாட்ட நீந்த விடறேன். பொண்ண?"

"பொதுஜனத்தையும் ஏத்தக் கூடாது. அதோட ஒரு ராஜ்யத்தோட கடற்படை அந்நியக் கரைய மூணே விதமாத்தான் தொடலாம். ஒண்ணு படையெடுப்பு. ரெண்டு அரசுமுறைப் பயணம். மூணாவது..." அவர் குரலைத் தாழ்த்தினார். "தோல்வி. அது நம்ம ராஜ்யத்தோட வரலாற்றுலயே கிடையாது."

ராஜ்யத்தின் வரலாறு அப்போது ஒன்றரை மணி நேரம் நீண்டிருந்தது.

*

வீட்டில் ஒட்டீலி புருஷனைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் மேலே அரண்மனையிலிருந்து கொடுத்தனுப்பிய பச்சை வேட்டைக் கோட்டு இருந்தது. மார்பில் பொன்னூலால் தைத்த கலைமான். கோட்டின் கை அவன் முழங்கையோடு நின்றுவிட்டது.

"இதென்ன வெண்டலின், யாரோட கோட்ட எடுத்து மாட்டிட்டு வந்திருக்க?"

"நான் கடற்படைத் தளபதி."

"சரி. பன்றிக்காரன் மிச்சச் சாராயம் குடுத்தானா?"

அவன் நடந்ததைச் சொன்னான். ஒட்டீலி கேட்டுக்கொண்டே முட்டைக்கோஸைக் கிண்டினாள். கல்யாணத்தை அறுப்புக் காலம் முடிந்து வைத்துக்கொள்ளலாமா, அதற்குள் பிரபுவுக்கு இந்தப் பைத்தியம் தெளிந்துவிடும் என்று அவன் முடித்தபோது, கிண்டுவதை நிறுத்தினாள்.

"தள்ளிப் போட முடியாது."

"ஏன்? சூளை வேலை இருக்குன்னா யோஸ்ட் வீட்ல பேசிக்கலாம்."

"சூளை இல்ல. லீஸ்பெத்தோட பாவாடை நாடா ரெண்டு விரக்கடை தள்ளி முடிச்சுப் போட வேண்டியதா இருக்கு. அறுப்பு முடியறப்போ ஒரு சாண் ஆகும். பாதிரியாருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

வெண்டலின் பெஞ்சில் உட்கார்ந்தான். "எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நீதான் அவனத் தினம் ஓடத்துல கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போன. தெரிஞ்சிருக்கும்னு நினைச்சோம்."

அவனுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. லீஸ்பெத் மாட்டுத் தொழுவத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "அப்பா, ஞாயித்துக்கிழமை போயிடலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். போயிடலாம் என்று அவன் சொல்லிவிட்டான். தளபதி என்ற முறையில் அதுதான் அவன் கொடுத்த முதல் உறுதிமொழி. எப்படி என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் அரண்மனைக்குப் போனான். படையெடுப்பு தனக்குச் சரிப்படாது, அரசுமுறைப் பயணமாகப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்டான். க்னோர் பிரபு அப்போது மன்னருக்கு மூதாதையர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். இருந்த பழைய படங்களில் எல்லோரும் கையில் மீனோடு நின்றார்கள். ஓவியன் ஒருவன் ஏணியில் ஏறி மீன்களின் மேல் செங்கோல் வரைந்துகொண்டிருந்தான்.

"முடியாது, தளபதி அவர்களே. நம்மவர் மன்னர். டன்வால்ட்காரர் வெறும் சிற்றரசர். சின்னவர்தான் முதல்ல பெரியவர வந்து பாக்கணும்."

"அப்ப அவர வரச் சொல்லுங்க."

"எப்படி வருவார்? ஓடம் நம்மகிட்டல்ல இருக்கு?"

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"நீங்க போனா அது படையெடுப்பு," என்றார் பிரபு பொறுமையாக. "ராஜதந்திரம் உங்களுக்குப் புதுசு. ஒரு விஷயம் நடக்காம இருக்கறதுக்கு எல்லாப் பக்கமும் சரியான காரணம் இருந்தா, அதுக்குப் பேருதான் சமாதானம். இதத்தான் நாங்க கஷ்டப்பட்டு உருவாக்கறோம்."

ஏணியில் இருந்தவன் ஒரு மீனின் வாலை மறந்துவிட்டிருந்தான். பிரபு அதைச் சுட்டிக்காட்டப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பீரங்கி வந்தது. வேட்டை தொடங்கும்போது வெடிக்கிற குட்டிப் பீரங்கிதான், ஆனாலும் ஓடத்தின் ஒரு மூலையில் ஏற்றியதும் மறுமூலை தண்ணீரை விட்டு எழுந்தது. முகப்பில் ஒரு சிற்பம் இருந்தால்தான் போர்க்கப்பல் என்று சத்திரத்து வாசலிலிருந்த மரப் பன்றித் தலையைக் கழற்றிவந்து ஆணியடித்தார்கள். சத்திரக்காரன் கரையில் நின்று, என் பன்றி, என் பன்றி என்று புலம்பினான். அது இனிமேல் சிங்கம் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது.

ஒத்திகைக்காக ஒரு முறை சுட்டுப் பார்த்தார்கள். பீரங்கி முன்னால் புகையை விட்டது, தான் பின்னால் போயிற்று. பலகை முடிகிற இடத்திலும் நிற்காமல் போய், எர்லா ஆற்றில் விழுந்து குமிழி விட்டு அமர்ந்தது. வெண்டலின் கயிற்றைப் பிடித்துத் தொங்கியதால் பிழைத்தான்.

க்னோர் பிரபு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு செயலரைக் கூப்பிட்டு, "நீருக்கடியில் பீரங்கி நிலைநிறுத்தப்பட்டது. எதிரியால் பார்க்க முடியாது" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அக்கரையிலிருந்து யோஸ்ட் கையை வாயருகே குவித்துக் கூவினான்.

"மாமா! நாளைக்குப் பானை உடைக்க எப்படி வர்றது?"

வெண்டலினுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் வீட்டு வாசலில் பானை சட்டிகளைப் போட்டு உடைப்பது இரு கரைக்கும் பொதுவான வழக்கம். எவ்வளவு சத்தமோ அவ்வளவு தூரத்துக்குக் கெட்டது ஓடும். பானை உடைக்காமல் மாற்றிய மோதிரம் நிற்காது என்று அங்கே சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அதிலும் யோஸ்ட் வீடு குயவர் வீடு. தாத்தா காலத்திலிருந்து கோணலாக வெந்தது, கீறல் விட்டது என்று ஒதுக்கிய பானைகளை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் மலையாகக் குவித்து, பேரன் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தார்கள்.

"ஓடம் வராது, யோஸ்ட். இது இப்ப போர்க்கப்பல்."

"என்னது?"

"போர்க்கப்பல்!"

யோஸ்ட் பன்றித் தலையைக் கொஞ்சநேரம் பார்த்தான். "சரி மாமா. சத்தம் உங்க வாசல்ல கேக்கணும், அவ்வளவுதானே? நாங்க எங்க கரையிலேயே உடைக்கிறோம். கேக்கலேன்னா கைய காட்டுங்க, பெரிய தாழியா எடுத்துக்கறோம்."

முடிசூட்டு விழாவும் அதே சனிக்கிழமை சாயங்காலம், அதே ஆற்றங்கரையில். முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது என்று வெண்டலின் மறுபடி பிரபுவிடம் ஓடினான். தளபதி தரும் தகவல் கடற்படை அமைச்சகத்தின் வழியாகத்தான் வர வேண்டும் என்று பிரபு கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"அமைச்சகம் எங்க இருக்கு, பிரபு?"

"அடுத்த வாரம் வந்துரும்."

*

சனிக்கிழமை சாயங்காலம் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். மன்னர் எமெரிக் செருப்புக் கடித்த காலை மெல்ல மாற்றி மாற்றி வைத்து நின்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. மீன்பிடிப்பதும் சாப்பிடுவதும் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை, அதனாலேயே அவரை வைத்து மற்றவர்கள் நிறைய ஆசைப்பட்டார்கள். தட்டான் கிரீடத்தை முடிக்கவில்லை. அரண்மனைச் சமையலறையில் கேக் வார்க்கிற செப்பு அச்சு ஒன்று இருந்தது. சுற்றிலும் வரிவரியாக மடிப்பும் மேலே முனைகளுமாகக் கிரீடத்துக்கு ஏறக்குறைய அதே உருவம். தங்கப் பூச்சு பூசித் தலைகீழாக்கி வெல்வெட் தலையணையில் வைத்துவிட்டார்கள். அதனால் முடிசூட்டு விருந்தில் கேக் கிடையாது. சமையல்காரி ஓரமாக நின்று அழுதாள், ஜனங்கள் அதை ராஜபக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

க்னோர் பிரபு பேசினார்.

"எர்லன்ஸ்டைன் மக்களே, இன்று முதல் நாம் எவருக்கும் அடிபணியாதவர்கள். பேரரசர் அதற்கு அனுமதி அளித்திருக்கிறார். இனி உங்கள் வரி ஒரு சிற்றரசருக்குப் போகாது, ஒரு மன்னருக்குப் போகும். தொகையில் மட்டும்தான் மாற்றம். ராஜ்யங்கள் எப்படி எழுகின்றன என்று கேட்பார்கள். தொலைநோக்குள்ள சிலர் உழைக்கிறார்கள், மற்றவர்கள் அதற்கு வேண்டியதைச் செய்கிறார்கள். அந்தத் தொலைநோக்குள்ள சிலரில் நானும் ஒருவன் என்று சொல்ல என் தன்னடக்கம் தடுக்கிறது. ஆகவே செயலர் சொல்வார்."

செயலர் சொன்னார். நீளமாகவே சொன்னார்.

பிறகு மன்னர் குனிந்தார். பிரபு கேக் அச்சைத் தூக்கினார். அது தலையில் பட்டதும் அக்கரையில் இடி விழுந்தது.

முதலில் ஒன்று. பிறகு பத்து, இருபது. பிறகு எண்ண முடியாதபடி அடுக்கடுக்காக. குயவர் வீட்டு மூன்று தலைமுறையும் கையில் கிடைத்ததை எடுத்து வீச, எதிர்வெயிலில் ஆளுருவம் தெரியாமல் மரங்களுக்குப் பின்னாலிருந்து செம்மண் தூசி புகைபுகையாக எழுந்தது. நடுநடுவே ஒரு பெரிய தாழி விழும்போது கூடாரக் கம்பமே அதிர்ந்தது. ஜனங்களுக்கு என்னவென்று உடனே புரிந்துவிட்டது. லீஸ்பெத்துக்குத்தான் என்று கை தட்டினார்கள். மேடையில் இருந்தவர்கள் யாரும் தங்கள் கல்யாணத்தில் பானை உடைத்தவர்கள் இல்லை. அவர்கள் வீட்டுப் பானைகள் வெள்ளி.

"டன்வால்ட் பீரங்கி," என்றார் க்னோர் பிரபு. அப்போது அவர் மேஜைக்குக் கீழே இருந்தார். மன்னர் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

வெண்டலின் குனிந்தான். "பானை, பிரபு."

"புது வகையா?"

"இல்ல, பழசு. அவங்க தாத்தா காலத்துது."

"பழைய பீரங்கிக்கே இந்தச் சத்தமா," என்று மன்னர் முனகினார். "க்னோர், நம்ம பீரங்கி எங்க?"

"நிலைநிறுத்தப்பட்டிருக்கு, மகாராஜா."

"சுடச் சொல்லுங்க."

"அது நீருக்கடியில இருக்கு, மகாராஜா."

மன்னர் மேஜைக்காலை இறுகப் பிடித்துக்கொண்டார். அடுத்த தாழி விழுந்தது. "தளபதி, அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?" என்றார்.

வெண்டலினுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் யோசித்துச் சொல்லியிருக்க முடியாது. "ஒரு பொண்ணு, மகாராஜா. கூட ஒரு கட்டில், ஒரு துணிப் பெட்டி, ஒரு பசுமாடு," என்றான்.

க்னோர் பிரபு மேஜைத் துணியை விலக்கித் தலையை நீட்டினார். "எதிரியோட நீங்களாப் பேசிட்டீங்களா? எப்ப?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே பேசி முடிச்சாச்சு, பிரபு. இனிப்பெல்லாம் மாத்திக்கிட்டாச்சு."

பிரபுவின் முகம் வெளுத்தது. நாடு ராஜ்யமாவதற்கு முன்பே அதன் சரணாகதி பேசி முடிக்கப்பட்டிருக்கிறது, தனக்குத் தெரியாமல். அவர் வாழ்நாளில் எந்த மனிதனையும் அவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை.

"கோட்டையக் கேக்கலையா?" என்றார்.

"இல்ல, பிரபு."

"மந்திரிசபைய? என் தலைய?"

"உங்களப் பத்திப் பேச்சே வரல."

பிரபுவுக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

"மாடு நல்ல மாடா?" என்று மன்னர் கேட்டார்.

"ரெண்டு வேளையும் பால் குடுக்கும், மகாராஜா."

"அப்ப கொஞ்சம் வருத்தம்தான். பொண்ணு யாரு?"

"என் பொண்ணு, மகாராஜா. லீஸ்பெத்."

மன்னர் மெல்ல வெளியே வந்தார். கேக் அச்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "ஒரே பொண்ணா?"

"ஒரே பொண்ணு."

அதைச் சொன்னதும் வெண்டலின் அக்கரையைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளும் எப்படிக் கரை சேர்ப்பது என்ற கவலையிலேயே இருந்துவிட்டான். சேர்த்துவிட்டால் அவள் அந்தக் கரையிலேயே இருந்துவிடுவாள் என்பது இப்போதுதான் உறைத்தது. நாளை மறுநாள் காலையில் மாட்டுத் தொழுவத்தில் யாரும் பாடமாட்டார்கள், மாடும் இருக்காது. கலைமான் கோட்டின் குட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். துணி எட்டவில்லை. அந்தக் கூடாரத்தில் அன்று நடந்தவற்றில் அந்தக் கண்ணீர் ஒன்றுதான் உண்மையானது.

மன்னரும் அழுதுவிட்டார். "நாட்டுக்காக ஒரு தகப்பன்," என்றார், மேலே பேச வரவில்லை.

க்னோர் பிரபுவுக்கு வந்தது. அவர் முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டியபடி எழுந்தார். "பிறருடைய மகளைக் கொடுத்து நாட்டைக் காப்பது ராஜதந்திரத்தின் உச்சம். என் ஆட்சியின் முதல் வாரத்திலேயே இதைச் சாதித்திருக்கிறேன்," என்று ஜனங்களுக்கு அறிவித்தார். பிறகு வெண்டலின் பக்கம் சாய்ந்து, "தளபதி அவர்களே, தோல்வின்னா வெள்ளைக் கொடி வேணும். நம்மகிட்ட இல்லை. வாங்கினா தோக்கற எண்ணம் இருந்ததா ஆயிடும்," என்றார்.

"வீட்டுல மேஜை விரிப்பு இருக்கு, பிரபு."

*

ஞாயிற்றுக்கிழமை காலை எர்லன்ஸ்டைன் கடற்படை தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. முகப்பில் பன்றித் தலை. கம்பத்தில் ஒட்டீலியின் லினன் மேஜை விரிப்பு, ஓரத்தில் நீல நூலால் பூ போட்டது. பலகையில் கட்டில், கட்டிலின் மேல் பெட்டி, பெட்டியின் மேல் ஒட்டீலி. அவள்தான் சமாதானத் தூதுக்குழு. மாடு போர் இழப்பீடு. லீஸ்பெத் தலையில் பூமுடியோடு, நாடாவை இன்னும் கொஞ்சம் தள்ளி முடிந்துகொண்டு, பிணைக்கைதியாக நின்றாள். அவ்வளவு சிரித்த முகத்தோடு ஒரு பிணைக்கைதியை அந்த ஆறு பார்த்திருக்காது. கரையில் க்னோர் பிரபு தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, சோகமும் பெருமையும் சம அளவில் கலந்து நின்றார். மன்னர் தன் கையால் பிடித்த ஒரு மீனை இலையில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார்.

நடு ஆற்றில் வெண்டலின் கொஞ்சம் மெதுவாகவே இழுத்தான்.

"என்னப்பா, கை வலிக்குதா?" என்றாள் லீஸ்பெத்.

"தோல்விக்கு என்ன அவசரம்?" என்றான்.

அக்கரையில் யோஸ்ட் துடைப்பத்தோடு காத்திருந்தான். உடைத்ததைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும், அதுவும் வழக்கம். மூன்று தலைமுறைக் குப்பையை அள்ளி முடித்துக் கோயிலுக்குப் போகும்போது இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாக இருந்தார்கள். பாதிரியாருக்கு நல்ல கண்ணுதான், ஆனால் அந்தத் தூசியில் நாடா எங்கே முடிந்திருக்கிறது என்று அவரால் பார்க்க முடியவில்லை. விரிப்பைக் கம்பத்திலிருந்து கழற்றி மேஜையில் போட்டு, பிளம்பழக் கேக்கும் மன்னரின் மீனும் வைத்துச் சாப்பிட்டார்கள். வெண்டலின் கோட்டைக் கழற்றி மாட்டின் மேல் போட்டுவிட்டு ஆடினான்.

திங்கட்கிழமை காலை ஊர் திரும்ப ஆற்றுக்கு வந்தபோது அங்கே ஊதுகொம்புச் சத்தம் கேட்டது. டன்வால்ட் அரண்மனைப் பெரிய மனிதர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு ராஜ்யத்தையே சரணடைய வைத்த நாடு இனிமேல் சிற்றரசாக இருப்பது முறையல்ல என்று நேற்று இரவே முடிவாகிவிட்டதாம். பேரரசரின் குதிரைகளுக்கு ஓட்ஸ் அனுப்பியாயிற்றாம். டன்வால்டும் ராஜ்யம்.

"ராஜ்யம்னா கடற்படை வேணும்," என்றார் அவர். "கரையோரமா மண்ணு ஏத்தற படகு ஒண்ணு இங்க குயவர் வீட்ல இருக்காமே?"

யோஸ்ட் மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, என்ன பண்றது?"

"மண்டி போடு," என்றான் வெண்டலின். "வாள் உறைய விட்டு வராது. தோள்ல தட்டினதும் எழுந்துக்கோ."

இப்படியாக எர்லா ஆற்றின் இரு கரையிலும் இரண்டு ராஜ்யங்கள் எழுந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்னர், ஒரு க்னோர், ஒரு கடற்படை. இரண்டும் ஜென்மப் பகை என்று இரண்டு அரண்மனையிலும் அறிவித்தார்கள். மகள் வீட்டுக்கு அப்பாவும், அப்பா வீட்டுக்கு மகளும் சாதாரணமாகப் போய்வர வழியே இல்லாமல் போயிற்று. ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் கரையில் நின்று ஒரு பானையைப் போட்டு உடைப்பார்கள். உடனே மற்ற கரை சரணடைந்து, வெள்ளைக்கொடி பிடித்து, குடும்பத்தோடு வந்து சேரும். ஒரு வாரம் இவர்கள் தோற்றால் மறுவாரம் அவர்கள். வென்ற வாரங்களில் க்னோர் பிரபு மேடை போட்டுப் பேசினார். தோற்ற வாரங்களில் நாட்டைக் காப்பாற்றியதாகப் பேசினார். பனிக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு லீஸ்பெத்தால் வர முடியவில்லை. அந்த வாரம் எர்லன்ஸ்டைன் தானாகவே, பானை உடைவதற்கு முன்னாலேயே, கம்பளித் துணியும் தொட்டிலுமாகச் சரணடைந்தது. அவ்வளவு வேகமான தோல்வி எந்தப் போரிலும் நடந்ததில்லை என்று டன்வால்ட் மந்திரி பெருமைப்பட்டுக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் ஓயாத மழை. ஒட்டீலி அடுப்புக்கு மேல் கொடி கட்டி விரிப்பைப் போட்டிருந்தாள். நீலப் பூ ஓரத்தில் பிளம்பழக் கறை இன்னும் போகவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டாள்.

"வெண்டலின், இந்த வாரம் அவங்களத் தோக்கச் சொல்லு. நமக்குத் துணி காயல."